அறிவுக் களஞ்சியத்தைச் சரிபார்ப்பது யார்? பன்னாட்டு நிறுவனங்களில் அறிவு மேலாண்மை அமைப்புகள் தடுக்கி விழும் இடங்கள்

பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் பிரேசில் கிளையில் ஒருவர் ஒரு கோளாறோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டிக் கொண்டிருப்பார். அதே கோளாறைக் கனடாக் கிளையில் இன்னொருவர் முன்பே தீர்த்து முடித்திருப்பார். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஜெராக்ஸ் நிறுவனத்தில் இது அப்படியே நடந்தது. 1990-களில் பிரேசிலில் ஒரு வாடிக்கையாளரிடம் இருந்த, சுமார் 40,000 டாலர் மதிப்புள்ள வண்ண அச்சு இயந்திரத்தை மொத்தமாக மாற்றிக் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டார்கள். கடைசி நேரத்தில், அப்போது சோதனையில் இருந்த ஒரு குறிப்புத் தொகுப்பில் மான்ட்ரியல் டெக்னீஷியன் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு கண்ணில் பட்டது. ஒரு டாலர்கூடப் பெறாத ஒரு சிறு உதிரிப்பாகத்தில்தான் கோளாறு இருந்தது.

அந்தத் தொகுப்பின் பெயர் யுரேகா. அறிவு மேலாண்மை, அதாவது ஊழியர்கள் வேலையில் கற்றதைத் திரட்டி மற்றவர்களுக்கும் கிடைக்கச் செய்வது, பற்றி யோசிக்கும் எந்த நிறுவனமும் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். அதற்குப் பிறகு மென்பொருள்கள் எத்தனையோ வந்து போய்விட்டன. லோட்டஸ் நோட்ஸ், ஷேர்பாயின்ட், கான்ஃப்ளுயன்ஸ் என்று மாறி, இப்போது செயற்கை நுண்ணறிவுத் தேடல் வரை வந்திருக்கிறோம். ஆனால் இந்த அமைப்புகள் தோற்கும் இடம் மட்டும் மாறவே இல்லை. எழுத ஆள் கிடைப்பார்கள், வாங்கப் பணமும் கிடைக்கும். எழுதியதைப் படித்துப் பார்த்து, சரி அல்லது தவறு என்று சொல்லி, பழையதைத் தூக்கி எறியத்தான் யாருக்கும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் 1980-களில் டெக்னீஷியன்களோடு கூடவே சுற்றி அவர்கள் வேலையைக் கவனித்தார். நிறுவனம் அவர்களுக்குக் கொடுத்திருந்த பழுதுநீக்கக் கையேடு 'இந்தப் பிழை எண் வந்தால் இதைச் செய், சரியாகாவிட்டால் அடுத்ததற்குப் போ' என்று கிளை கிளையாகப் பிரியும். களத்தில் அது பாதி வழியிலேயே கைவிட்டுவிடும். இயந்திரத்தின் வயது, அறையின் ஈரப்பதம், பயன்படுத்துபவரின் பழக்கம் எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் கோளாறுகள் கையேட்டில் இல்லை. அவற்றை டெக்னீஷியன்கள் மதியச் சாப்பாட்டின்போது பேசிப் பேசியே தீர்த்தார்கள். மேலாளர்களின் கண்ணுக்கு வெட்டிப் பேச்சாகத் தெரிந்த அதுதான் அங்கே உண்மையான பயிற்சி வகுப்பு.

அதே மையத்தின் ஆய்வாளர்கள், இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதைக் கணினியிலேயே மாதிரியாக அமைத்து, கோளாறைத் தானே கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றை முதலில் செய்து பார்த்தார்கள். டெக்னீஷியன்களிடம் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. அவர்களுக்குத் தலைவலியாக இருந்தவை வடிவமைப்பாளர்கள் எதிர்பார்த்த கோளாறுகள் அல்ல, யாரும் எதிர்பாராதவை. அவற்றுக்கான விடைகள் டெக்னீஷியன்களின் சட்டைப் பைக் குறிப்பேடுகளில் ஏற்கெனவே இருந்தன. பிரான்சில் அந்தக் குறிப்புகளைத் திரட்டி, அங்கே வீட்டுக்கு வீடு இருந்த மினிடெல் தொலைபேசி முனையத்தின் வழியாக எல்லோருக்கும் கிடைக்கச் செய்தார்கள். பிறகு கனடா, அதன்பின் அமெரிக்கா என்று பரவியது. உலகம் முழுவதும் 20,000-க்கு மேல் களப் பணியாளர்கள் இருந்த நிறுவனத்தில், இதனால் மிச்சமான செலவு 10 கோடி டாலர் அளவுக்கு மதிப்பிடப்பட்டது.

இது பிழைத்ததற்குக் காரணம் அனுப்பிய குறிப்புக்குப் பதில் வந்ததுதான். ஒருவர் குறிப்பு அனுப்பினால், அந்த இயந்திர வகையில் தேர்ந்தவர் என்று சக டெக்னீஷியன்களே மதிக்கும் ஒருவர் அதைப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் எழுதியவரிடமே கேட்பார், தேவைப்பட்டால் செய்து பார்ப்பார். பிறகுதான் வெளியிடுவார், அதுவும் எழுதியவர் பெயரோடு. ஒவ்வொரு குறிப்புக்கும் பணம் தரலாமா என்று பேச்சு வந்தபோது டெக்னீஷியன்களே வேண்டாம் என்றார்கள். பணம் வந்தால் எல்லோரும் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள், தரம் போய்விடும் என்பது அவர்கள் வாதம்.

நல்ல குறிப்புக்கும் கெட்ட குறிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மாதிரியில் பார்க்கலாம். 'தாள் சிக்கியது, தட்டைச் சரிசெய்தோம், இப்போது ஓடுகிறது.' இப்படித்தான் பெரும்பாலான களஞ்சியங்களில் எழுதியிருக்கும். இதை வைத்துக்கொண்டு அடுத்தவர் எதுவுமே செய்ய முடியாது. அதே விஷயத்தை உருப்படியாக எழுதினால் இப்படி இருக்கும். அறிகுறி: காலையில் முதல் சில பத்துப் பக்கங்களில் மட்டும் தாள் சிக்குகிறது, மதியத்துக்கு மேல் இல்லை. சூழல்: மழைக்காலம், இரவில் குளிர்சாதனம் நிறுத்தப்படும் அறை, தட்டில் தாள் இரவெல்லாம் கிடக்கிறது. காரணம்: தாள் ஈரம் இழுத்து ஓரம் சுருள்கிறது. உறுதிசெய்ய: புதிதாகப் பிரித்த கட்டிலிருந்து தாள் வைத்து ஓட்டிப் பார், சிக்கல் நின்றுவிட்டால் இதுதான். தீர்வு: மாலையில் தட்டைக் காலி செய்து தாளை உறையில் மூடிவைக்கச் சொல், ஈரம் போக்கும் சூடேற்றி உள்ள மாடலானால் அதை இயக்கு. இதில் உயிர்நாடி 'உறுதிசெய்ய' என்ற வரி. அது இல்லாத குறிப்பை நம்பி உதிரிப்பாகத்தைக் கழற்றுகிறவர், பாதி நேரம் தவறான பாகத்தைக் கழற்றுவார்.

வாடிக்கையாளர் உதவித் துறையில் 1990-களிலிருந்து வளர்ந்துவரும் கேசிஎஸ் (Knowledge-Centered Service, அறிவை மையமாகக் கொண்ட சேவை) என்ற வேலைமுறையும் கிட்டத்தட்ட இதே உறுப்புகளைத்தான் கேட்கிறது. அது கூடுதலாகச் சொல்லும் நல்ல விஷயம் ஒன்று உண்டு. குறிப்பு எழுதுவது தனி வேலையாக இருக்கக் கூடாது, சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதிவிட வேண்டும். முதலில் தேடு, கிடைக்காவிட்டால் எழுது, கிடைத்தது சரியில்லை என்றால் அங்கேயே திருத்து. 'வேலையெல்லாம் முடிந்ததும் ஆவணப்படுத்துகிறேன்' என்று தள்ளிவைத்தது எந்த நிறுவனத்திலும் நடந்ததில்லை. பிராஜெக்ட் முடிந்த மறுநாளே அந்த ஆளை வேறு பிராஜெக்டில் போட்டுவிடுகிறார்கள்.

சரிபார்ப்புக்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. மாதம் 200 குறிப்புகள் வருகின்றன, ஒன்றுக்கு 20 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 4,000 நிமிடம், அதாவது ஏறக்குறைய 67 மணி நேரம். ஒரு முழுநேர ஊழியரின் மாத வேலையில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆளோ சும்மா இருப்பவர் அல்ல. துறையிலேயே அதிகம் தெரிந்தவர், ஏற்கெனவே நான்கு பேர் அவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இந்த 67 மணி நேரத்தை அவருடைய ஆண்டு இலக்கில் எழுதி, மற்ற வேலையில் அவ்வளவைக் குறைத்தால் மட்டுமே இது நடக்கும். இல்லாவிட்டால் மூன்றாவது மாதம் வரிசை தேங்கும். எழுதியவருக்கு ஆறு வாரம் பதில் வராது, அவர் அடுத்ததை எழுத மாட்டார். தேக்கத்தைப் பார்த்து நிர்வாகம் சரிபார்ப்பையே எடுத்துவிடும். பிறகு உள்ளே வருவதெல்லாம் குப்பைதான், அதில் யாரும் தேடவும் மாட்டார்கள். மென்பொருள் வாங்கும்போது உரிமக் கட்டணத்துக்குக் கோடிக்கணக்கில் ஒப்புதல் தரும் நிர்வாகம், இந்த 67 மணி நேரத்தைத் தரத் தயங்குகிறது. அறிவு மேலாண்மைத் திட்டம் ஒன்று தேறுமா தேறாதா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: சரிபார்ப்பவர் யார், அவருடைய எந்த வேலை குறைக்கப்பட்டது?

பரிசு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இன்ஃபோசிஸ் அனுபவம் பாடம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனம், இந்தியாவில் இந்தத் துறைக்கு மிக முன்னதாக வந்து, உழைத்துச் செய்த ஒன்று. 2000-களின் தொடக்கத்தில் கேஷாப் என்ற உள்போர்ட்டலில் எழுதுபவர்களுக்கும் சரிபார்ப்பவர்களுக்கும் 'அறிவு நாணய அலகுகள்' என்ற புள்ளிகளைக் கொடுத்தார்கள். அவற்றைப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். பதிவுகள் வெள்ளமாக வந்தன. சரிபார்ப்பவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை, மேலோட்டமாகப் பார்த்து அனுப்பும் நிலை வந்தது. தேடுபவருக்கோ எது உருப்படி என்றே தெரியவில்லை. நிறுவனம் அதை உணர்ந்து, பண மதிப்பைக் குறைத்து, படித்தவர்களுக்கு உண்மையில் பயன்பட்டதா என்பதற்குக் கூடுதல் எடை கொடுத்து, அங்கீகாரத்தின் பக்கம் முறையைத் திருப்பியது. ரகு கருட், அருண் குமாரசாமி இருவரும் 2005-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை அலசுகிறது. நல்லதுக்கென்று தொடங்கும் ஒரு ஊக்குவிப்பே சுழன்று வந்து அமைப்பைக் கெடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. பரிசு கொடுத்தே தீர வேண்டும் என்றால், எழுதியபோது கொடுக்காமல், இன்னொரு நாட்டில் ஒருவர் அதை எடுத்துப் பயன்படுத்தியபோது கொடுக்கலாம்.

எடுத்துப் பயன்படுத்துவதும் எளிதல்ல. ஒரு கிளையில் நன்றாக நடக்கும் முறை அடுத்த கிளைக்குப் போகாததற்கு 'எங்களுக்குச் சொல்ல நீ யார்' என்ற மனப்பான்மையே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கேப்ரியல் சுலான்ஸ்கி என்ற ஆய்வாளர் எட்டு நிறுவனங்களில் 122 பரிமாற்றங்களை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட முடிவு வேறு. மனமில்லாமை பெரிய தடையாகத் தெரியவில்லை. பெறுபவரிடம் அதை உள்வாங்கும் அடிப்படை இல்லாமை, அந்த முறை ஏன் வேலை செய்கிறது என்பது கொடுப்பவருக்கே தெளிவாகத் தெரியாமை, இரு தரப்புக்கும் இடையில் இலகுவான உறவு இல்லாமை ஆகிய மூன்றும்தான் முதன்மையான தடைகள். நடைமுறையில் இதன் பொருள் நேரானது. 'சிறந்த நடைமுறை' என்று தலைப்பிட்டு முப்பது ஸ்லைடு ஏற்றிவைப்பதால் பயனில்லை. அதை எழுதியவரோடு பெறுபவர் ஒரு மணி நேரமாவது பேச வழி இருக்க வேண்டும். பிபி எண்ணெய் நிறுவனம் 1990-களில் வழக்கமாக்கிய சக உதவிக் கூட்டம் அப்படிப்பட்டதுதான். ஒரு வேலையைத் தொடங்கும் முன், அதை வேறெங்கோ செய்து பார்த்தவர்களை ஒன்றிரண்டு நாள் வரவழைத்து, திட்டத்தை அவர்கள் முன் வைத்துக் கேள்வி கேட்கச் சொல்வார்கள். களஞ்சியத்தின் பாதிப் பயன் யாரிடம் பேச வேண்டும் என்று காட்டுவதில்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவரின் பெயரும் இப்போது அவர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்பதும் தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் பெயரில் நிற்கும் குறிப்புக்கு உடனே புதுப் பொறுப்பாளர் வேண்டும், கிடைக்காவிட்டால் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட வேண்டும்.

நாடுகள் மாறும்போது

சீமென்ஸின் தொலைத்தொடர்புப் பிரிவு 1999-ல் ஷேர்நெட் என்ற அமைப்பை விற்பனைப் பிரிவினருக்காகத் தொடங்கியது. கோலாலம்பூர் நகரையும் அதன் புதிய விமான நிலையத்தையும் அதிவேக வலையமைப்பால் இணைக்கும் ஒப்பந்தத்துக்கு மலேசியக் கிளை முயன்றபோது, டென்மார்க் கிளை ஏறக்குறைய அதே வேலையை முடித்திருந்தது இதன் வழியே தெரியவந்தது. அந்த அனுபவத்தை வைத்துச் சுமார் 30 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை வென்றார்கள். ஷேர்நெட்டுக்கு ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் இருந்தார்கள். அந்த ஏற்பாட்டைச் செலவு என்று பார்ப்பவர்கள் மொழிச் சிக்கலைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆங்கிலம் அலுவல் மொழி என்று அறிவித்துவிட்டாலும், தவறான ஆங்கிலத்தில் உலகம் முழுக்கப் பார்க்கும்படி கேள்வி கேட்க ஒரு பொறியாளருக்குக் கூச்சமாகவே இருக்கும். பொதுவில் கேட்டால் 'இதுகூடத் தெரியவில்லையா' என்று தன் மேலாளர் நினைப்பார் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். உள்ளூர்ப் பொறுப்பாளர் அவருடைய கேள்வியைத் தன் பெயரில் போடலாம்.

இயந்திர மொழிபெயர்ப்பு இப்போது இதை நிறைய இலகுவாக்கியிருக்கிறது. ஆனாலும் நிறுவனத்துக்கே உரிய சொற்களை அது சொதப்பும். ஒரே வால்வுக்கு ஜெர்மன் ஆலையில் ஒரு பெயர், அமெரிக்க ஆலையில் இன்னொரு பெயர். சில நூறு சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, தேடுபொறியில் ஒரே பொருளாக இணைத்துவிட்டால் பெரும்பகுதி தீரும். பிழை எண், பாக எண், மென்பொருள் பதிப்பு எண் ஆகியவற்றுக்கு மொழி கிடையாது. அவற்றைக் கட்டாயப் புலங்களாக வைத்தால் ஜப்பானில் எழுதியதை மெக்சிகோவில் தேடி எடுத்துவிடலாம்.

சட்டம் பற்றிப் பெரும்பாலான திட்டங்கள் கடைசியில்தான் யோசிக்கின்றன. ஜெர்மனியில் ஊழியரின் நடத்தையையோ செயல்திறனையோ கண்காணிக்க உதவக்கூடிய எந்தத் தொழில்நுட்பச் சாதனத்தையும் நிறுவும்போது, ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் ஊழியர் மன்றத்துக்கு இணைமுடிவு உரிமை உண்டு, அதாவது அதன் சம்மதம் இல்லாமல் நிர்வாகம் தனியாக முடிவெடுக்க முடியாது. தொழில் நிறுவன அமைப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. யார் எத்தனை குறிப்பு எழுதினார், யார் எதைத் தேடினார் என்றெல்லாம் பதியும் அறிவு மேலாண்மை மென்பொருள் இதற்குள் வந்துவிடும். மன்றம் கேட்பவை நியாயமானவை: தனிநபர் தரவரிசைப் பட்டியல் கூடாது, தேடல் பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கப்பட வேண்டும், மேலாளர் அவற்றைப் பார்க்கக் கூடாது. இந்தப் பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுக்கும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே மன்றத்தை உட்கார வைக்காவிட்டால், எல்லாம் தயாரான பிறகு ஜெர்மனி மட்டும் நின்றுபோகும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளில் அபராதம் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம் வரை போகலாம். அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்ப விவரத்தை அமெரிக்காவிலேயே இருக்கும் வெளிநாட்டவர் ஒருவருக்குக் காட்டுவதுகூட ஏற்றுமதியாகக் கருதப்படலாம். ஆகவே 'எல்லோருக்கும் எல்லாம் திறந்திருக்கட்டும்' என்பது அழகான கொள்கை என்றாலும், வானூர்தி பாகங்களோ குறைகடத்திகளோ செய்யும் நிறுவனத்துக்கு அது நடக்காது. ஆலோசனை நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர் ரகசியம் இன்னொரு தலைவலி. பெயரையும் எண்களையும் நீக்கிப் பொதுவாக்க ஒரு படிநிலையும் அதற்கு ஓர் ஆளும் வேண்டும்.

சென்னை, பெங்களூரு, போலந்தின் கிராக்கோவ் போன்ற நகரங்களில் பன்னாட்டு நிறுவனங்கள் நடத்தும் உலகளாவிய திறன் மையங்களுக்கு வேலை மாறும்போது நடக்கும் 'கேடி'யும் (knowledge transfer, அறிவுக் கைமாற்றம்) இதே விஷயம்தான். முதலில் விளக்க அமர்வுகள். அடுத்து, பழைய ஆள் வேலை செய்யப் புது ஆள் கூட இருந்து பார்ப்பது. மூன்றாவதாக, புது ஆள் செய்யப் பழைய ஆள் பார்த்துத் திருத்துவது. திட்டம் தாமதமானால் முதலில் வெட்டப்படுவது மூன்றாவது கட்டம். உண்மையில் அறிவு கைமாறுவது அங்கேதான். முதல் கட்டத்தில் பதிவுசெய்த மணிக்கணக்கான வீடியோக்கள் போர்ட்டலில் தூங்கும். இரவு ஷிஃப்டில் சர்வர் விழுந்திருக்கும்போது யாரும் இரண்டு மணி நேர வீடியோவை ஓட்டிப் பார்க்கப் போவதில்லை. சொல்லிக்கொடுப்பவரின் வேலையே போகப்போகிறது என்றால் அவர் மனம் திறந்து சொல்வாரா என்பதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். அவருக்கு மாற்றுப் பணியையோ நியாயமான இழப்பீட்டையோ முதலில் முடிவுசெய்யாமல் தொடங்கும் கேடியில் விதிவிலக்குகளும் குறுக்குவழிகளும் வெளியே வருவதே இல்லை. மாதக் கடைசிக் கணக்கு முடிப்பில்தான் அது தெரியவரும்.

எப்படித் தொடங்குவது

ஒரே தொழில்நுட்பம், இரண்டு அல்லது மூன்று நாடுகள், 100 முதல் 300 பேர். முதல் முயற்சிக்கு இந்த அளவு போதும். ஒரு நாட்டில் மட்டும் தொடங்கினால் மொழி, சட்டம், நேர மண்டலச் சிக்கல்கள் வெளியே வராது. பத்து நாட்டில் தொடங்கினால் எதையும் திருத்த முடியாது. தேர்ந்தெடுக்கும் துறையில் ஒரே மாதிரிச் சிக்கல்கள் அடிக்கடி திரும்பி வர வேண்டும். பராமரிப்பு, வாடிக்கையாளர் உதவி, தரக் கட்டுப்பாடு போன்றவை தோதானவை. ஒவ்வொரு வேலையும் புதிதாக இருக்கும் உத்தி ஆலோசனை போன்ற துறைகளில் எழுதிவைப்பதைவிட ஆளை ஆளோடு இணைப்பதே மேல். ஹான்சன், நோரியா, டியர்னி என்ற மூன்று மேலாண்மை எழுத்தாளர்கள் 1999-லேயே சொன்னது இது: இரண்டு வழிகளில் ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள், இரண்டையும் சமமாகச் செய்யப் போனால் இரண்டும் கெடும்.

திறப்பு நாளுக்கு முன்பே சில நூறு நல்ல குறிப்புகள் உள்ளே இருக்க வேண்டும். முதல் முறை தேடி ஒன்றும் கிடைக்காதவர் இரண்டாம் முறை வருவது அரிது. அதற்காகப் பழைய பகிர்வு டிரைவில் இருக்கும் லட்சக்கணக்கான கோப்புகளை அப்படியே கொட்டிவிடக் கூடாது, இது மிகப் பரவலாக நடக்கும் தவறு. கடந்த 12 மாதங்களில் திறக்கப்பட்டவை, உதவி மையத்துக்கு அதிகம் வந்த கேள்விகளுக்கு விடையானவை, இவற்றை மட்டும் துறைப் பொறுப்பாளர் பார்த்து ஏற்றினால் போதும். மற்றவை பழைய இடத்திலேயே படிக்க மட்டும் திறந்திருக்கட்டும்.

பிறகு வாரம் ஒருமுறை, அரை மணி நேரம், தேடி ஒன்றும் கிடைக்காமல் போன சொற்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். அமைப்புக்குள் இதைவிடப் பயனுள்ள அறிக்கை கிடையாது. சில சொற்களுக்கு விடை இருக்கும், பெயர் மட்டும் வேறாக இருக்கும். சிலவற்றுக்கு விடையே இருக்காது, அடுத்து யாரிடம் என்ன கேட்டு எழுத வேண்டும் என்பது அங்கே தெரிந்துவிடும். மொத்தக் குறிப்புகள் எத்தனை, எத்தனை பேர் உள்நுழைந்தார்கள் என்ற எண்கள் நிர்வாகக் கூட்டத்துக்கு அழகாக இருக்கும், முடிவெடுக்க உதவாது. சமர்ப்பித்த குறிப்புக்கு எத்தனை நாளில் பதில் போனது, ஒரே கோளாறுக்கு இரண்டாம் முறை ஆள் அனுப்ப வேண்டியிருந்ததா, புதியவர் தனியாக வேலை பார்க்க எத்தனை வாரமாகிறது என்பவை உதவும். இவற்றைத் தொடங்கும் முன்பே அளந்து வைத்திருந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். அறிவு மேலாண்மைக்கென்று 2018-ல் வந்த ஐஎஸ்ஓ 30401 என்ற பன்னாட்டுத் தரநிலை பொறுப்புகளையும் மறுஆய்வையும் ஒழுங்குபடுத்த உதவும். தேவையான மனித நேரத்தை அது ஒதுக்கித் தராது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு சரிபார்ப்பின் அருமை கூடியிருக்கிறது. மோர்கன் ஸ்டான்லி 2023-ல் தன் நிதி ஆலோசகர்களுக்கு, ஒரு லட்சம் அளவிலான ஆவணங்களிலிருந்து கேள்விக்கு விடை எடுத்துத் தரும் உதவியாளரைக் கொண்டுவந்தது. பல நிறுவனங்கள் அதே வழியில் போகின்றன. முன்பு தேடுபவர் பத்து முடிவுகளைப் பார்த்து, '2014-ல் எழுதியது, வேண்டாம்' என்று தானே ஒதுக்குவார். இப்போது இயந்திரம் அந்த 2014 ஆவணத்தையும் நேற்றைய ஆவணத்தையும் கலந்து, சந்தேகமே இல்லாத நடையில் ஒரே பத்தியாகத் தருகிறது. ரத்தான விலைப்பட்டியல், மாறிவிட்ட பாதுகாப்பு விதி, மூன்று பதிப்புகளில் கிடக்கும் ஒரே கொள்கை ஆவணம் எல்லாம் இப்படித்தான் விடைக்குள் நுழைகின்றன. அனுமதிகளும் அப்படியே. யாரும் தேட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டிருந்த சம்பளக் கோப்பை, யாரோ கேட்ட ஒரு சாதாரணக் கேள்விக்கு இயந்திரம் எடுத்து வைத்துவிடும். எனவே இணைக்கும் முன் கோப்பு அனுமதிகளைத் தணிக்கை செய்ய வேண்டும். சரிபார்க்கப்பட்ட குறிப்புகள் மட்டுமே இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு விடையின் கீழும் மூல ஆவணம், சரிபார்த்தவர் பெயர், தேதி மூன்றும் வர வேண்டும், மறுஆய்வுத் தேதி தாண்டிய ஆவணம் தானாக விலக வேண்டும். மறுஆய்வுக்கு ஓராண்டு என்று பொதுவாக வைத்து, விலை, சட்டம், பாதுகாப்பு தொடர்பானவற்றுக்கு மூன்று மாதமாகக் குறைப்பது நல்லது. அந்தத் தேதியில் மின்னஞ்சல் யாருக்குப் போக வேண்டும் என்ற புலம் காலியாக இருந்தால், அந்தக் குறிப்பை வெளியிடவே மென்பொருள் அனுமதிக்காதபடி அமைத்துவிடலாம்.